வாத்துப் பாப்பாவின் கவுன்

திருப்பூரில் மயிலாத்தாளின் லைன் வீட்டில், ஒன்பது கதவுகளும் ஒரே ஒரு குழாயும் இருந்த அந்த வரிசையில், நான்காம் கதவுக்காரி நாகஜோதிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு என்று முடிவானதும், ஆளுக்கொரு டஜன் கண்ணாடி வளையல் வாங்குவது என்று மற்ற கதவுக்காரிகள் பேசிக்கொண்டார்கள். ஏழாம் கதவுக்காரி தவமணி மட்டும் வளையலோடு இன்னொன்றும் தருவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, அதை யாரிடமும் சொல்லவில்லை.

தவமணிக்கு அப்போது நாற்பது வயது. பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவள், பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்த ஒரு மகளைத் தவிர வேறு யாரும் இல்லாதவள். தவமணியின் சொந்த ஊரான கம்பம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு புருஷன் பாண்டீஸ்வரனுடன் பஸ் ஏறி வந்த நாகஜோதிக்கு இந்த லைனில் வீடு பார்த்துக் கொடுத்தவளும், கம்பெனியில் சேர்த்துவிட்டவளும், மெஷின் கத்தியில் விரல் போகாமல் துணியை எப்படித் தள்ளுவது என்று கையைப் பிடித்துக் காட்டியவளும் அவள்தான்.

அந்த மாதம் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான ஆர்டர். மஞ்சள் துணி, அது நிறைய வெள்ளை வாத்து. தவமணி கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வேஸ்ட் மூட்டையைக் கிளறி, கழுத்து அறுபடாத வாத்துகள் உள்ள துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். மதியம் மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அவள் மெஷினை ஓட்டினாள்; பிள்ளையின் தோலில் உரசக் கூடாதென்று மூட்டுத் தையலையெல்லாம் வெளிப்பக்கம் வருமாறு திருப்பிப் போட்டாள்; கீழ் விளிம்பை மெஷினை நம்பாமல் கையாலேயே மடித்துத் தைத்தாள்; துண்டு துண்டாக இருந்த வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் நடந்து போவது மாதிரி வர வேண்டுமென்று இரண்டு தடவை பிரித்து மூன்றாம் தடவை சேர்த்தாள்; ஒரு வாத்துக்கு மட்டும் அலகு தையலுக்குள் போய்விட, ஆரஞ்சு நூலில் அதற்கொரு அலகு போட்டுக் கொடுத்தாள். முடிந்தபோது அந்தக் கவுன் சரியாக ஒன்றரைச் சாண் இருந்தது.

பிறக்காத பிள்ளைக்குத் துணி தைக்கக் கூடாது என்பது தவமணிக்குத் தெரியாததில்லை. அவள் மகளுக்கே பிறந்து பதினாறு நாள் பழைய வேட்டித் துணிதான். ஆனால் இது வீட்டு ஆட்களுக்குச் சொன்னது, நான் வெளியாள் என்று ஒருநாளும், வேஸ்ட்தானே, புதுத் துணி இல்லையே என்று மறுநாளும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்குள் கை பாட்டுக்கு முக்கால்வாசி தைத்துவிட்டது.

வளைகாப்பன்று இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு உட்கார்ந்திருந்த நாகஜோதி கவரைப் பிரித்து, கவுனை எடுத்து, தன் வயிற்றின் மேல் விரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது உதைத்தது. வாத்துகள் ஒருமுறை துள்ளி அடங்கின. எல்லாரும் சிரித்தார்கள், மயிலாத்தாள் மட்டும் சிரிக்காமல் தவமணியைப் பார்த்தாள்.

எட்டாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை நாகஜோதிக்கு வயிற்றில் அசைவு தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்தது பெண் பிள்ளை. தலை நிறைய முடி, கை நகங்கள் கூட வளர்ந்திருந்தன, அழுகை மட்டும் இல்லை. சாயப்பட்டறையில் வேலை செய்து நகக்கண் வரை நீலம் ஏறிய தன் கைகளில் அதைப் பாண்டீஸ்வரன் வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து, எங்கே வைத்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

லைனில் யாரும் தவமணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கடைசியில் அவளே மயிலாத்தாளிடம் போய் நின்றாள்.

"உன்னால ஆனதில்ல கண்ணு," என்றாள் மயிலாத்தாள். தவமணி திரும்பி நடந்ததும், "ஆனா தைக்காம இருந்திருக்கலாம்," என்றாள்.

அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாகஜோதி நாற்பத்தோராம் நாள் லைனுக்குத் திரும்பி வந்து, மாற்றுச் சேலை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். பிறகு அதிலிருந்த கவுனோடு வாசலில் வந்து நின்று, சத்தம் போடாமல், கடையில் ஏதோ வாங்கி வரச் சொல்கிற குரலில் தவமணியைக் கூப்பிட்டாள்.

"யக்கா, நீ இத எத்தன சாணு தச்ச?"

"ஒன்றரை."

"இப்ப அளந்து பாரு."

தவமணி அளந்தாள். இரண்டு விரற்கடை கூடியிருந்தது. கழுத்தோரத்தில், கக்கின பால் காய்ந்தது போல வெள்ளையாக ஒரு கறை இருந்தது. முகர்ந்தால் புளித்த வாடை வந்தது. நாகஜோதி அவள் கையிலிருந்து கவுனை வாங்கி, குழாயடிக்குக் கொண்டுபோய் அலசி, பொதுக் கொடியில் வெயில் படுகிற மூலையாகப் பார்த்துக் காயப் போட்டாள். மறுநாள் எல்லாரும் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தபோது கழுத்தோரத்தில் புதிதாகப் பால் கறை இருந்தது.

அன்றுமுதல் அப்படித்தான். காலையில் துவைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்தால் அழுக்காகியிருக்கும். பகலெல்லாம் வீட்டில் இருக்கிற மயிலாத்தாளைக் கேட்டால், "ஆரும் வரலியே, குழாய்தான் சொட்டிட்டுக் கெடந்துது," என்பாள்.

தவமணியால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி கறி வாங்கப் போன நேரத்தில் கவுனைக் கொடியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள். ஓவர்லாக் தையலுக்கு ஒரு முனை உண்டு, அதைப் பிடித்து இழுத்தால் மளமளவென்று மொத்தமும் கழன்று வந்துவிடும், பதினெட்டு வருஷத்தில் அவள் எத்தனையோ பிரித்தவள். ஆனால் அன்று அவள் இழுக்க இழுக்க நூல் வந்துகொண்டே இருந்தது, மடி நிறைந்து தரையில் விழுந்து கணுக்கால் வரைக்கும் மஞ்சள் நூல் குவிந்தது, கவுன் மட்டும் ஒரு தையலும் விடாமல் முழுசாக மடியில் கிடந்தது. கறிப்பையோடு வந்த நாகஜோதி அதைப் பார்த்துவிட்டு, "விட்டுருக்கா, அவளுக்கு வலிக்கப் போகுது," என்றாள். தவமணி நூலை அறுத்தாள். அந்த நூற்குவியலை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சாக்கில் கட்டி வைத்தாள்; பிறகு வந்த வருஷங்களில் லைனில் எல்லாருடைய ஜாக்கெட் கிழிசலுக்கும் அதுதான் நூல்.

விஷயம் கம்பெனிக்குப் போனபோது செக்கிங் சூப்பர்வைசர் ஃபிலோமினா நம்பவில்லை. இன்ச் டேப்பும் ஆர்டர் பேப்பரும் எடுத்துக்கொண்டு லைனுக்கே வந்து, தோள், மார்பு, நீளம் என்று மூன்றையும் அளந்து, பேப்பரோடு ஒத்துப் பார்த்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் துணிக்கு அளவு மாதக் கணக்கில்தான் இருக்கும்: மூன்று மாத அளவு, ஆறு மாத அளவு, ஒன்பது மாத அளவு.

"ஆறு மாசம் கரெக்டா இருக்கு," என்றாள் ஃபிலோமினா. "கால் இன்ச் வித்தியாசம் கூட இல்ல." நாகஜோதி விரல் விட்டு எண்ணினாள். பிள்ளை உயிரோடு பிறந்திருந்தால் ஆறு மாதம் ஆகியிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாதா கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் ஃபிலோமினா டேப்போடு வந்து அளந்து, தாளில் குறித்து, "பாஸ்," என்று சொல்லிவிட்டுப் போவாள்.

லைன் அதைப் பழகிக்கொண்டது. ஒன்பது மாத அளவில் கவுனின் முட்டிப் பக்கம் தரை அழுக்காக வந்தது, தவழ்கிறாள் என்றார்கள். குழாயடிப் பாசியைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஒரு வயது அளவில் பின்பக்கம் வட்டமாக மண் வந்தது, நின்று விழுகிறாள் என்றார்கள். இரண்டு வயதில் ஒரு வாரம் கவுன் தொட்டால் சுட்டது, அலசிப் பிழிந்தாலும் உடனே காய்ந்தது. லைனே வேப்பிலை கட்டி, கறி சமைக்காமல், ஆள் மாற்றி ஆள் லீவு போட்டு, ஈரத்துணியை அதன்மேல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் சூடு தணிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்து மஞ்சள் தண்ணீரில் நனைத்து எடுத்தார்கள். வாத்துத் துணி என்பதால் அவளுக்கு வாத்துப் பாப்பா என்று பேர் விழுந்தது. லைனில் இருந்த சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்து, "வாத்துப் பாப்பா கிள்ளிட்டா," என்று சொன்னால், அம்மாக்கள் கொடியைப் பார்த்து, "கிள்ளக் கூடாதுடி," என்று அதட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரிய பேச்சு நடந்தது. குழாயில் ஆறு நாளைக்கு ஒருமுறைதான் குடம் பிடிக்கிற அளவுக்குத் தண்ணீர் வரும். ஆளுக்கு நாலு குடம் என்பது மயிலாத்தாள் போட்ட விதி. தினம் ஒரு கவுன் துவைக்கிறோமே என்று நாகஜோதிக்காகத் தவமணி கேட்கப் போனாள். ஐந்தாம் கதவுக்காரர்கள், கண்ணில் பார்க்காத ஆளுக்கு எப்படிக் குடம் கொடுப்பது என்றார்கள். மயிலாத்தாள் ரொம்ப நேரம் யோசித்து, "என்ற லைனுல துணி அழுக்காகுதா இல்லியா? ஆகுது. அப்ப ஆள் இருக்குதுன்னுதான அர்த்தம். ரெண்டு கொடம் புடிச்சுக்கட்டும்," என்று தீர்ப்புச் சொன்னாள். மூன்று வயதானதும் அது நாலு குடமானது.

பாண்டீஸ்வரன் மட்டும் அந்தக் கொடியின் பக்கம் திரும்பியதில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பான். ஒருநாள் சாயங்காலம் கவுனை எடுக்கப் போன நாகஜோதி அங்கேயே நின்றுவிட்டாள். கவுனின் இரண்டு அக்குளுக்கும் கீழே, ஒரு பக்கத்துக்கு ஐந்தாக, பத்து விரல் அடையாளம் நீலமாகப் பதிந்திருந்தது. பிள்ளையைத் தூக்கி மேலே போட்டுப் பிடிக்கிறவர்களின் கை படுகிற இடம். அவள் அதைக் கொண்டுபோய் அவன் முன்னால் விரித்தாள்.

"நான் தொடல ஜோதி," என்றான் அவன். "சத்தியமா நான் தொடல." தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, அந்தப் புதன்கிழமைக்கு அழ வேண்டியதையெல்லாம் அழுதான். சாயம் எத்தனை துவைத்தும் போகவில்லை.

அதற்கடுத்த வருஷம் நாகஜோதி மறுபடி உண்டானாள். ஏழாம் மாதம் நெருங்க நெருங்க தவமணி நான்காம் கதவுப் பக்கம் போவதைக் குறைத்தாள். வளையல் கூடத் தருவதில்லை, மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்று பஸ் நேரமெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். நாகஜோதி அவளைத் தேடி ஏழாம் கதவுக்கு வந்தாள்.

"இதுக்கும் ஒண்ணு தச்சுக் குடுக்கா."

"என்னால ஆகாது. வேற எது வேணும்னாலும் கேளு."

"ஒண்ணுக்கு இருந்து ஒண்ணுக்கு இல்லைன்னா நாளைக்குச் சண்ட வரும்க்கா."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"தைக்கலைன்னா ஆகாதுன்னு நீ எழுதித் தருவியா?"

தவமணி பஸ் ஏறவில்லை. வெள்ளைத் துணியில், ஒரு படமும் இல்லாமல், ஒரு சின்னச் சட்டை தைத்தாள். தையல் கோணலாக வந்தது. முதல் பிள்ளைக்கு எவ்வளவு அழகாகத் தைத்தாளோ அவ்வளவு அசிங்கமாக இதைத் தைத்தாள். வளைகாப்பு முடிந்ததிலிருந்து தினமும் காலையில் நான்காம் கதவுக்குப் போய், பெட்டியைத் திறந்து, அதன்மேல் சாண் வைத்துப் பார்ப்பாள். ஒன்றரைச் சாண். மறுநாளும் ஒன்றரைச் சாண். அவளால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஆண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. மூன்றே மாதத்தில் அந்த வெள்ளைச் சட்டை கைக்குள் நுழையாமல் போய், அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணியானது. அதை அங்கே பார்த்த அன்று, ஒரு சட்டை பிள்ளைக்குப் பத்தாமல் போனதைப் பார்த்து ஒருத்தி இப்படி அழுவாளா என்று நாகஜோதியே பயப்படும்படி தவமணி அழுதாள்.

கவுனோ ஐந்து வயது அளவை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதன் இடது இடுப்புப் பக்கம் தினமும் எச்சிலும் மூத்திரமுமாக நனைந்து வந்தது.

"தம்பியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறா," என்றாள் மயிலாத்தாள். "இந்த வயசுக்குக் கீழ போட்டுருவாளே."

"போட மாட்டா," என்றாள் நாகஜோதி.

அந்த வருஷம் மார்கழியில் பாண்டீஸ்வரனின் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. கம்பத்தில் அவருடைய திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிடச் சொல்லிச் செய்தி வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. அந்தத் துணி தன் வாசப்படி ஏறக் கூடாது, பேரனை நினைத்தாவது அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று மாமியார் போனில் சொல்லியிருந்தாள். பாண்டீஸ்வரன் பேசிப் பார்த்தான். நாகஜோதி பேசிப் பார்த்தாள். பெட்டிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோகலாம் என்றால், தினமும் துவைக்க வேண்டியதை எத்தனை நாள் ஒளிக்க முடியும்.

கிளம்புகிற அன்று காலை, வேனில் சாமான் ஏற்றி முடிந்த பிறகு, நாகஜோதி கவுனை மடித்து ஏழாம் கதவுக்குக் கொண்டுவந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறை கூடச் சொல்லாத வார்த்தையை அப்போதுதான் சொன்னாள்.

"நீ தச்சதுதானக்கா. நீயே பாத்துக்க."

அது குற்றச்சாட்டா, நம்பிக்கையா என்று தவமணிக்குத் தெரியவில்லை. கை நீட்டி வாங்கிக்கொண்டாள். வேன் சந்து முனையில் திரும்பும் வரை நாகஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையன் மட்டும் கொடியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே போனான்.

மறுநாள் காலை தவமணி கவுனைத் துவைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அது போட்டது போட்டபடி சுத்தமாக இருந்தது. அடுத்த நாளும் சுத்தம். மூன்றாம் நாளும் சுத்தம். லைன் பிள்ளைகள் யாரும் கிள்ளிட்டா என்று அழுதுகொண்டு வரவில்லை. முடிந்துவிட்டது போல என்று ஐந்தாம் கதவுக்காரி சொன்னாள். அந்த நாலு குடத்தை இனி மற்றவர்களுக்குப் பிரித்துவிடலாமா என்று கேட்டதற்கு மயிலாத்தாள், "இருக்கட்டும், பொறு," என்றாள். தவமணி சுத்தமாக இருந்த கவுனைத் தினமும் துவைத்தாள். ஏழு நாள் அப்படிப் போனது.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் கேட்டைத் திறக்கும்போதே கொடியில் அது கருத்துத் தொங்குவது தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். விளிம்பு முழுக்கச் சாணளவுக்குத் தார் ரோட்டுப் புழுதி ஏறியிருந்தது. முதுகில் லாரி கிரீஸ். பக்கவாட்டில் நாயுருவி முள் வரிசையாக ஒட்டியிருந்தது. மழையில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த வாடை. பாவாடைப் பக்கம் ஒரு இடத்தில் கிழிந்து, முன்பக்கம் மார்பின் மேல், இத்தனைக்கும் மேலாகப் புத்தம் புதிதாக, பன்னீர் திராட்சையின் ஊதாக் கறை வழிந்திருந்தது. அந்தக் கறையைத் தவமணிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கம்பத்துப் பந்தலில் பறித்து அப்படியே வாயில் போடுகிற பழத்தின் கறை.

ஐந்து வயதுப் பிள்ளை, இருநூறு கிலோமீட்டர், ஏழு நாள். எந்தப் பக்கம் என்று யார் சொன்னார்கள், எங்கே படுத்தாள், யார் சோறு போட்டார்கள் என்று தவமணி கவுனைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மயிலாத்தாள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று நாயுருவி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எட்டுக் கதவும் திறந்து வந்து சுற்றி நின்றன. யாருக்கும் செய்ய ஒன்றும் இல்லை.

கவுனின் முதுகில் இருந்த மூன்று மஞ்சள் பட்டனில் நடுப்பட்டன் அறுந்து போயிருந்ததை அதற்குப் பிறகுதான் தவமணி கவனித்தாள். நாகஜோதிக்குப் போன் போட்டாள். மாமியார் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நாகஜோதி ம் ம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். புழுதி, கிரீஸ், முள், திராட்சை என்று தவமணி ஒவ்வொன்றாகச் சொல்லி, "பட்டன் ஒண்ணு அந்து போயிருக்கு," என்று முடித்தாள்.

அந்தப் பக்கம் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நாகஜோதி வெளியே வந்துவிட்டாள் போல, காற்று இரைந்தது.

"காலைல வாசக் கூட்டும்போது கெடச்சுச்சுக்கா. மஞ்சப் பட்டன். யாருதுன்னு கேக்காம எடுத்து முந்தில முடிஞ்சு வச்சிருக்கேன்."

தவமணி பட்டன் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"தம்பி காலைலருந்து பந்தலுக்குக் கீழ யார்கிட்டயோ சிரிக்கிறான்," என்றாள் நாகஜோதி. "நான் போய்ப் பாத்தா ஒண்ணும் தெரியல. யக்கா, நீ பாத்துச் சொல்லு. வளந்திருக்காளா?"

தவமணி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கவுனைப் பிடித்து அளந்தாள்.

"வளந்திருக்கா. அர விரக்கடை."

"இளைச்சிருக்காளா?"

தவமணி கவுனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மார்பும் வயிறும் இருக்க வேண்டிய இடத்தில் காற்று புகுந்து வெளியே வந்தது.

"அதத் துணிய வச்சுச் சொல்ல முடியாதும்மா," என்றாள்.